கூட்டேரிப்பட்டில் வண்டியைத் திருப்புங்கள்! தெரியுமா இந்த அதிசயங்கள்?

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறீர்கள். ஏறத்தாழ 330 கிலோமீட்டர். செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் எல்லாம் தாண்டியாயிற்று. அடுத்து விழுப்புரம்தான் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. நடுவில் ‘கூட்டேரிப்பட்டு’ என்றொரு பெயர்ப்பலகை வருகிறது. ஒரு கூட்டுரோடு, நாலைந்து டீக்கடைகள், மயிலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். கண்ணாடிக்கு வெளியே இரண்டு நிமிடம் தெரிந்துவிட்டு எல்லாம் பின்னால் போய்விடுகிறது.

அந்தக் கூட்டுரோட்டை நடுவில் வைத்து 40 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கல்லாய்ப் போன 2 கோடி ஆண்டு மரங்கள் அதற்குள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் மராட்டிய அரசின் தலைநகராக இருந்த கோட்டை அதற்குள் நிற்கிறது. பல்லவர்களின் முதல் குடைவரை, தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம், ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் கணக்கு, எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான்! இவ்வளவையும் விட்டுவிட்டு டோல்கேட் வரிசையில் எந்தப் பக்கம் சீக்கிரம் நகரும் என்று பார்த்துக்கொண்டு போகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, முதல் அதிசயம். எந்த ஊரில் எதைச் சாப்பிடலாம் என்ற விவரத்தோடு, ஊர் ஊராக வழி சொல்லும் ஒரு பயணக் கையேடு இந்த வட்டாரத்துக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது, தெரியுமா? பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படைதான் அது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மொத்தம் 269 அடிகள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனிடம் ‘இப்படிப் போ, இந்த ஊரில் தங்கு, இன்னாரைப் பார்’ என்று சொல்லி அனுப்புகிறான். போய்ச் சேர வேண்டிய இடம் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில். இன்றைக்குத் திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கும் கிடங்கல் பகுதிதான் அது!

வழியில் என்னென்ன கிடைக்கும் என்று கேளுங்கள். முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம். இதை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அங்கே பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீனும் பழைய தேறலும். அடுத்து வேலூர். இது திண்டிவனம் பக்கத்து உப்புவேலூர். அங்கே எயினர் குடிசையில் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் இறைச்சியும். அதற்கடுத்து ஆமூர், இன்றைய நல்லாமூர். அங்கே உழவர் வீட்டில் குத்திய அரிசியின் வெண்சோறும் நண்டும்! நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாற மாற இலையில் விழுவதும் மாறுகிறது. கடைசியில் கிடங்கிலில் அரசனே பக்கத்தில் நின்று பரிமாறுகிறான். அந்த விருந்து, வீமன் எழுதிய சமையல் நூலில் சொன்ன முறை தவறாமல் சமைத்தது என்று ஒரு குறிப்பு வருகிறது. சமையல் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கும் வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள். விருந்து முடிந்தால் திரும்பிப் போக வண்டியும், ஓட்ட ஆளும் சேர்த்துக் கொடுத்தனுப்புவானாம்.

இந்த 269 அடிகளை ஒருமுறை படித்துவிட்டுத் திண்டிவனத்தைக் கடந்து பாருங்கள். அந்த ஊர் உங்களுக்கு இனி வெறும் பஸ் ஸ்டாண்டாகத் தெரியாது.

இப்போது வழிக்கு வருவோம். இதில்தான் பலருக்கும் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நெடுஞ்சாலை வழியாகக் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று போனால் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதையே திண்டிவனத்தில் மேற்கே திரும்பிச் செஞ்சி போய், செஞ்சியிலிருந்து தெற்கே விழுப்புரம் வந்தால் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வித்தியாசம் 30 கிலோமீட்டருக்குள்தான்! செஞ்சிக்கோட்டை என்றால் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும், வேறு திசையில் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பல குடும்பங்கள் இருபது வருடமாகத் தள்ளிப்போடுகின்றன. போகும்போது செஞ்சி வழியாகப் போங்கள். திரும்பும்போது நெடுஞ்சாலையில் வந்து கூட்டேரிப்பட்டில் கிழக்கே திரும்புங்கள். ஒரே பயணத்தில் மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம் இரண்டும் முடிந்துவிடும்.

சென்னையிலிருந்து வரும் வழியிலேயே படாளம் பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்மக்கள் கேட்டு, செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் கவுல் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். கார்த்திகை முதல் மாசி வரை போனால் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மற்ற மாதங்களில் நேரே திண்டிவனம் வந்துவிடலாம்.

திண்டிவனம் தாண்டிச் செஞ்சி சாலையில் போனால் வல்லம் பக்கம் மேல்சித்தாமூர் என்ற சிற்றூர். தமிழ்நாட்டில் இன்றும் பல்லாயிரம் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள், தமிழே அவர்கள் தாய்மொழி, தெரியுமா? அவர்களுடைய மடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்று பெயர். மடாதிபதிகள் ஒவ்வொருவரும் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டத்தோடு பொறுப்பேற்கிறார்கள். பெரிய கோபுரமும் தேருமாகப் பார்சுவநாதர் கோயில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ என்று நினைத்து உள்ளே போவீர்கள், கருவறையில் தீர்த்தங்கரர்!

அங்கிருந்து செஞ்சியை நெருங்கினால் சிறுகடம்பூர் பக்கத்தில் திருநாதர்குன்று. ஒரே பாறை முகத்தில் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டாக 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் குன்றில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்கிறது. இளையபட்டாரர் என்ற இன்னொருவர் 30 நாட்கள் இருந்ததை வேறொரு கல்வெட்டு சொல்கிறது. சந்திரநந்தி கல்வெட்டில் இருப்பது, பழைய தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக வளைந்து மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. தமிழ் எழுத்து நடுவழியில் எப்படி இருந்தது என்று நேரில் பார்க்க வேண்டுமானால் இங்கே வர வேண்டும். நுழைவுச்சீட்டு வரிசையும் கிடையாது, கூட்டமும் கிடையாது.

இனி செஞ்சிக்கோட்டை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில். ராஜகிரி உச்சி தரையிலிருந்து சுமார் 240 மீட்டர். உச்சிக்குப் போகும் முன் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான இடுக்கு ஒன்று குறுக்கிடும். அதன் மேல் சிறு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் படை நின்றாலும் மேலே ஏற முடியாது. இந்தியாவிலேயே கைப்பற்ற மிகக் கடினமான கோட்டை என்று சிவாஜி சொன்னதாகச் சொல்வார்கள். ஆங்கிலேயர்கள் இதைக் கிழக்கின் ட்ராய் என்றார்கள். 2025 ஜூலையில் ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதில் 11 மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி!

மராட்டியப் பட்டியலில் செஞ்சி எப்படி? 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். அதற்கு மேல் நடந்ததுதான் ஆச்சரியம். 1689-இல் மராட்டியத் தலைநகர் ராய்கட் மொகலாயர் கையில் விழுந்தபோது சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே பல நூறு மைல் ஓடி வந்து சேர்ந்த இடம் இந்தச் செஞ்சி. இங்கேயே தர்பார் நடத்தினார். அதாவது மராட்டிய அரசின் தலைநகர் சில ஆண்டுகள் நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது! ஔரங்கசீப் அனுப்பிய சுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698-இல். ஏழு ஆண்டுகளுக்கு மேல்! அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

இதே முற்றுகைக் காலத்தில் நடந்த ஒரு வியாபாரத்தைக் கேட்டால் வியப்பில் வாய் மூடாது. 1690-இல் ராஜாராமிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை! சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. கடலூரில் இன்றும் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று பெயர்கள் இருக்கின்றன. அந்த வியாபாரத்தின்போது சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு யாருடைய பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? இவர் பெயரைத்தான்! செஞ்சியில் நின்று பேசினால் கதை அமெரிக்கா வரை போகிறது.

தேசிங்கு ராஜாவைச் சொல்லாமல் செஞ்சியை விட்டுப் போக முடியுமா? ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, கையில் இருந்த சில நூறு பேரோடு பெரிய படையை எதிர்த்துப் போய், 1714 அக்டோபரில் போர்க்களத்தில் விழுந்தபோது அவருக்கு வயது 22. ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அவரையும், நண்பன் மோவுத்துக்காரனையும், நீலவேணிக் குதிரையையும் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் ஊர் பாடிக்கொண்டிருக்கிறது. நவாபுகளின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள், போட்டோகூட எடுத்திருப்பீர்கள். அவை செஞ்சிக் கோயில் தூண்கள், தெரியுமா? இங்கே வேங்கடரமணர் கோயிலைச் சுற்றி நடக்கும்போது அந்தத் தூண்கள் நினைவுக்கு வரட்டும்.

நடைமுறை விஷயம் ஒன்று. ராஜகிரி ஏற வேண்டுமானால் காலையிலேயே கோட்டை வாசலில் இருங்கள். பிற்பகலில் மேலே ஏற விடமாட்டார்கள். கருங்கல் படிகள் பத்து மணிக்கு மேல் கொதிக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தெரிய எடுத்துப் போகாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே கல்யாண மகால், தானியக் களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம் என்று இரண்டு மணி நேரம் நிறைவாகப் பார்க்கலாம்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் சாலையில் தெற்கே. இங்கே ஒரு சின்னப் பலகை மட்டும் இருக்கும், கவனிக்காமல் போய்விடாதீர்கள். மண்டகப்பட்டு!

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பல்லவ நாட்டில் கோயில் என்றால் செங்கல், மரம், சுதை. மழை பெய்தால் கரையும், தீப்பிடித்தால் எரியும். அப்போது முதலாம் மகேந்திரவர்மன் இந்தப் பாறையைக் குடைந்து மூன்று கருவறைகள் எடுத்தான். எடுத்துவிட்டுக் கல்வெட்டும் வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை எடுப்பித்தான் என்ற கருத்தில் கிரந்த எழுத்தில் ஒரு சம்ஸ்கிருதச் செய்யுள். விசித்திரசித்தன் அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. எதையெல்லாம் பயன்படுத்தவில்லை என்று பட்டியல் போட்டுப் பெருமைப்படுகிற கல்வெட்டு! புதிய தொழில்நுட்பம் ஒன்றைச் செய்து முடித்தவனின் துள்ளல் அந்தச் சில வரிகளில் இன்னும் இருக்கிறது. எனக்குத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

பல்லவர் குடைவரைகளில் முதலாவது இது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தூண்கள் கனமாக, சதுரமாக, அலங்காரமே இல்லாமல் இருக்கும். இரு ஓரத்திலும் வாயிற்காவலர் இருவர், தடியில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான். இங்கிருந்து தொடங்கியதுதான் மாமல்லபுரமாகி, காஞ்சிக் கைலாசநாதராகி, தஞ்சைப் பெரிய கோயிலாக வளர்ந்தது! மாமல்லபுரத்தில் டிக்கெட் வாங்க நிற்கும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் இங்கே வந்தால்கூட இந்த ஊர் நிரம்பிவிடும். ஏரிக்கரையில் அமைதியாக இருக்கிறது. கடை எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்தக் குடைவரையை உலகுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? புதுச்சேரிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பல்லவர்களைத் தேடி இந்த வட்டாரம் முழுக்கச் சுற்றியவர். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியப் பொருட்களின் அருமையைக் கண்டு சொன்னவர்களிலும் அவர் ஒருவர்.

பக்கத்திலேயே தளவானூர். அதுவும் மகேந்திரவர்மன் குடைவித்ததுதான், சத்ருமல்லேஸ்வரம். மண்டகப்பட்டில் இல்லாத அலங்காரமெல்லாம் இங்கே முகப்பில் மகரதோரணமாக வந்துவிட்டது. ஒரே அரசனின் காலத்துக்குள் சிற்பிகளின் கை எவ்வளவு தேறிவிட்டது என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரியும். இன்னும் சற்று உள்ளே பனமலை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே சுவரில் குடையின் கீழ் ஒய்யாரமாக நிற்கும் பார்வதியின் ஓவியம் ஒன்று உண்டு. 1,300 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய வண்ணம்! நிறைய உதிர்ந்துவிட்டது, ஆனால் முகம் இருக்கிறது. ஒரு துண்டு சுவருக்காக இவ்வளவு தூரமா என்று கேட்பவர்கள் அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேட்க மாட்டார்கள்.

இதே பக்கத்தில் எண்ணாயிரம் என்றொரு ஊர். பெருமாள் கோயில் சுவரில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஒரு கல்லூரியின் முழுக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறது. மாணவர்கள் 340 பேர். அதில் 270 பேர் இளையவர், 70 பேர் மூத்தவர். ஆசிரியர்கள் 14. யாருக்கு வேதம், யாருக்கு இலக்கணம், யாருக்கு மீமாம்சை, யாருக்குத் தினம் எவ்வளவு நெல், எல்லாம் எழுத்தில்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் சாப்பாட்டோடு கூடிய விடுதிக் கல்லூரி. அடுத்துள்ள எசாலத்தில் 1987-இல் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து ராஜேந்திரனின் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டன.

விழுப்புரம் வந்து சேர்ந்தாயிற்று. திருச்சி வேலை முடிந்து திரும்பும் வழிக்கு வாருங்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். கூட்டேரிப்பட்டில் வலப்புறம், கிழக்கே, மயிலம் சாலை.

சில கிலோமீட்டரிலேயே குன்றின் மேல் கோபுரம் தெரியும். சூரபத்மன் மயிலாகித் தவமிருந்து, பிறகு மலையாகவே நின்ற இடம் என்பது தலபுராணம். முருகன் வள்ளி தெய்வானையோடு மயில் மேல் அமர்ந்திருக்கிறார். கோயிலைப் பரம்பரையாகப் பார்த்துவருவது மயிலம் பொம்மபுர ஆதீனம். தமிழ்நாட்டில் வீரசைவ மடம் ஒன்று முருகன் கோயிலை நடத்துகிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. அந்த மடம் இன்னொன்றும் செய்தது. 1938-இல் இந்தச் சிற்றூரில் தமிழுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியது! அங்கே படித்த தமிழாசிரியர்கள் தென்னாற்காடு, வடாற்காட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் போனார்கள். உங்கள் பள்ளித் தமிழாசிரியர் எங்கே படித்தார் என்று விசாரித்துப் பாருங்கள், மயிலம் என்ற பதில் வர நல்ல வாய்ப்பிருக்கிறது. பங்குனி உத்திரத் தேரின்போது மட்டும் காரில் வராதீர்கள், நகர முடியாது.

மயிலத்திலிருந்து தென்கிழக்கே திருவக்கரை. கூட்டேரிப்பட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்!

செம்மண் மேட்டில் வெட்டிப்போட்ட மரத்துண்டுகள் போலக் கிடக்கும். பட்டை தெரியும், கணு தெரியும், குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள்கூடத் தெரியும். தொட்டால் சில்லென்று கல்! 2 கோடி ஆண்டுகள் பழமையான மரங்கள் இவை. அன்றைய பெருவெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்துவரப்பட்டு மணலுக்குள் புதைந்தன. அதனால்தான் வேரும் கிளையும் இலையும் இல்லாமல் வெறும் தண்டுகளாகக் கிடக்கின்றன. காற்று படாததால் மட்கவில்லை. மணலில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு செல்லாக நிரப்பி உட்கார்ந்துகொண்டது. மரத்தின் உடல் போய்விட்டது, உருவம் மட்டும் அணு பிசகாமல் கல்லில் நின்றுவிட்டது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. 247 ஏக்கர். சில தண்டுகள் 15 மீட்டர் வரை நீளம்! ஒரு சில்லைக்கூட எடுத்துப் பையில் போடக் கூடாது, பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

அந்த ஊர்ச் சந்திரமௌலீசுவரர் கோயிலையும் பாருங்கள். சம்பந்தர் பாடிய தலம். கருவறையில் மூன்று முகங்கள் கொண்ட லிங்கம். வாசலில் வக்கிரகாளி. பௌர்ணமி இரவுகளில் கூட்டம் அலைமோதும்.

கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றைப் பார்த்தீர்களா? சங்கராபரணி, வராகநதி, செஞ்சியாறு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஒரே ஆறு. செஞ்சி மலைகளில் பிறந்து, கோட்டைப் பக்கமாக வந்து, விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, வீடூர் அணையில் தொண்டியாற்றோடு சேர்ந்து, கல்மரங்களைத் தொட்டு, புதுச்சேரி போகிறது. அதன் கிளை ஒன்றின் கரையில்தான் ரோமானியர்களோடு வணிகம் நடந்த அரிக்கமேடு! 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியப் பானையோடுகள் கிடைத்தன. நீங்கள் இரண்டு நாளாகப் பார்த்த பாதி இடங்களை இந்த ஒரு ஆறு கோத்துவைத்திருக்கிறது. விக்கிரவாண்டிப் பாலத்தைத் தாண்டும்போது கீழே மணல் மட்டும் தெரிந்தால் அதற்காக முகம் திருப்பாதீர்கள். நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருக்கும் வீடூர் அணை 1950களின் கடைசியில் கட்டியது. மழைக்காலத்தில் நிரம்பினால் தமிழ்நாட்டு வயல்களுக்கும் புதுச்சேரி வயல்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் விடுவார்கள்.

வழியில் கொறிக்க மல்லாட்டை வாங்குங்கள். சென்னையில் வேர்க்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்பார்கள். அவித்து, சூடாக, உப்புப் போட்டுக் கொடுப்பார்கள். நாடு முழுக்கப் பயிரான டி.எம்.வி. ரக நிலக்கடலையில் அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிக்கின்றன, தெரியுமா? அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் எத்தனையோ மாநிலங்களின் வயல்களுக்குப் போனது. அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வட்டாரத்துக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மர்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பலேறியது. தை, மாசியில் வந்தால் பனங்கிழங்கு, கோடையில் வந்தால் நுங்கும் பதநீரும். விக்கிரவாண்டி சுற்றுவட்டாரப் பனைகளைப் பார்த்தாலே தெரியும்.

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரையும் மறக்காதீர்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமர் யார்? இந்த ஊர் விவசாயி ஓ.பி. ராமசாமி ரெட்டியார்! அன்றைய சென்னை மாகாணம் ஒரிசா எல்லையிலிருந்து குமரிப் பக்கம் வரை. கோயில் நுழைவுச் சட்டமும், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் நிறைவேறின. பதவி போனதும் பொதுவாழ்வை உதறிவிட்டு வடலூர் போய் வள்ளலார் வழியில் இருந்தார்.

இனி திட்டம். முதல் நாள் விடிய நான்கரைக்குச் சென்னையில் கிளம்பினால் எட்டரைக்குள் டிபனை முடித்துக்கொண்டு செஞ்சி. பன்னிரண்டு வரை கோட்டை. செஞ்சி ஊருக்குள் சாப்பாடு. வெயில் தாழத் திருநாதர்குன்று அல்லது மண்டகப்பட்டு, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மண்டகப்பட்டு. இருட்டுவதற்குள் விழுப்புரம். அங்கேயே தங்கிவிடுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் ஒரே நாளில் திருச்சி வரை இழுக்க வேண்டாம். மேல்சித்தாமூரையும் பனமலையையும் இதற்குள் திணிக்காதீர்கள், அவற்றுக்கு இன்னொரு பயணம் வையுங்கள். தஞ்சாவூர் போகிறவர்கள் விக்கிரவாண்டிக்கு வந்து கும்பகோணம் சாலையைப் பிடித்துக்கொள்ளலாம். திரும்பும் நாளில் மயிலமும் திருவக்கரையும் சேர்த்து மூன்று மணி நேரம் போதும். கோயில்கள் மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் மயிலத்தைப் பதினொரு மணிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்துக்குத் தெற்கே, திருச்சிக்கு முன்னால் இன்னும் ஒன்று இருக்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலை ஓரத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே போங்கள். பெரம்பலூர் தாண்டியதும் கிழக்கே உள்ளே போனால் சாத்தனூர். அங்கேயும் ஒரு கல்மரம்! புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தது. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே தண்டாகப் படுத்திருக்கிறது. திருவக்கரை மரங்களுக்கு 2 கோடி வயது என்று சொன்னேனே, இதற்கு 12 கோடி! அப்போது கடல் இன்றைய கரையைத் தாண்டி இந்தப் பக்கம் வரை உள்ளே வந்திருந்தது. ஆறுகள் அடித்துவந்த மரங்கள் கடற்படிவில் புதைந்து கல்லாயின. அங்கிருந்து திருச்சி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மாலை நான்கரைக்கு முன் போய்ச் சேர்ந்தால் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.